பனிக்கால விடுமுறை: போளூருக்குப் போகலாமா?

அரையாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது. புத்தகப் பையை மூலையில் வைத்ததும் வைக்காததுமாகப் பையன் கேட்கிறான்: "அப்பா, லீவுக்கு எங்கே போறோம்?"

"கொடைக்கானல்" என்கிறாள் அக்காள். "ஊட்டி" என்கிறான் தம்பி. "ராமேசுவரம் போய் ரொம்ப நாளாச்சு" என்கிறார் பாட்டி. "எங்கே போனாலும் சரி, நாலு நாளைக்கு அடுப்பு மூட்டாமல் இருந்தால் போதும்" என்கிறாள் அம்மா. அப்பா பேசவில்லை. சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார்.

டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். கடைசியில் பக்கத்து வீட்டார் போன ஊருக்கே நாமும் போவோம். அங்கே போனால் கூட்டம். அறை கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை மலை ஏறி நிற்கும். மழை பிடித்துக்கொண்டால் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். செலவு செய்த பணமும் போச்சு, லீவும் போச்சு!

இதற்குக் காரணம் ஊர் அல்ல. "எங்கே போகலாம்?" என்று முதலில் கேட்பதுதான் காரணம். முதலில் கேட்க வேண்டியது "எப்போது போகலாம்?" இரண்டாவது, "யார் யார் வருகிறார்கள்?" இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால், ஊர் தானாகவே வந்து நிற்கும்.

கொடைக்கானலுக்கும் அப்பால், மலையின் உள்ளே இருக்கிறது போளூர் என்ற சிறு கிராமம். அந்த ஊரை உதாரணமாக வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

எந்தப் போளூர்?

பஸ் நிலையத்தில் "போளூருக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டால் ஜாக்கிரதை! திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் வழியில் ஒரு போளூர் உண்டு. அது பெரிய ஊர். ரயில் நிலையம் உள்ள ஊர். நாம் சொல்லும் போளூர் அது அல்ல.

நமது போளூர், திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் தாலுகாவில், பழனி மலைத் தொடரின் மேல் பகுதியில் இருக்கிறது. இந்த மலையில் வாழும் மக்கள் ஊர்களை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்றவை கீழ்மலை. அங்கே காப்பியும் வாழையும் விளையும். குளிர் மிதமாக இருக்கும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, போளூர், கிளாவரை ஆகியவை மேல்மலை. அங்கே பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் விளையும். குளிர் எலும்பைத் தொடும்.

கொடைக்கானலிலிருந்து மேற்கே போனால் முதலில் பூம்பாறை. பிறகு மன்னவனூர். அதற்கு அப்பால் கவுஞ்சி, போளூர். கொடைக்கானலிலிருந்து போளூர் நாற்பது கிலோ மீட்டருக்கு மேல். அதையும் தாண்டினால் கிளாவரை. அதற்குப் பின்னால் கேரள எல்லை.

"அப்படியானால் அந்த வழியாகவே மூணாறு போய்விடலாமே?" என்று கேட்கலாம். முடியாது. அந்தப் பக்கமாக மூணாறுக்குச் சுற்றுலா வண்டிகள் போக வழி இல்லை. மூணாறு போக வேண்டுமானால் மலையை விட்டு இறங்கி, தேனி, போடி வழியாக மறுபடியும் மலை ஏற வேண்டும். படத்தில் விரற்கடை தூரமாகத் தெரிவது ஒரு நாள் பயணமாகிவிடும். ஆகவே "கொடைக்கானலும் மூணாறும் மூன்று நாளில்" என்று திட்டம் போடாதீர்கள். வண்டியில்தான் லீவு கழியும்.

டிசம்பர் குளிர்காலமா?

டிசம்பர் மாதம் குளிர்காலம் என்று நாம் நினைக்கிறோம். வானிலை ஆய்வுத் துறை அப்படிக் கணக்கிடுவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஜனவரியும் பிப்ரவரியும்தான் குளிர்காலம்.

நம் முன்னோர் கணக்கும் ஏறக்குறைய இதுதான். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பருவங்களாக வகுத்திருக்கிறார் தொல்காப்பியர். மலையின் பருவம் பனிக்காலம் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

ஆனால் மழை விஷயத்தை மறந்துவிடக் கூடாது. பழனி மலை, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீட்டிய கை போன்றது. ஆகவே கிழக்கிலிருந்து வரும் மழைமேகம் இந்த மலையில் முட்டிக் கொட்டுகிறது. கொடைக்கானலில் மழை மிகுதியாகப் பெய்வது அக்டோபர், நவம்பர் மாதங்களில். டிசம்பரில் மழை குறையும். ஆனால் அடியோடு போய்விடாது. ஏதாவது ஒரு புயல் வந்தால் நிலைமை தலைகீழாகும்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலோரம் பாழானது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடலுக்கு வெகு தூரத்தில் உள்ள கொடைக்கானல் மலையிலும் மரங்கள் விழுந்தன. மண் சரிந்தது. பாதைகள் அடைபட்டன.

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அரையாண்டு லீவுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு நடந்தது இது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? டிசம்பர் கடைசி வாரத்தில் மலைக்குப் போவது ஒரு பந்தயம். பொங்கலை ஒட்டிய ஜனவரி நாட்களில் போவது ஓரளவு நிச்சயம். அப்போது வானம் தெளிந்திருக்கும். புல் பச்சையாக இருக்கும். மழைக்குப் பின் ஓடைகளில் தண்ணீர் இருக்கும். போளூர் பக்கத்தில் உள்ள அருவியும் வற்றியிராது. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டமும் கரைந்திருக்கும்.

பொங்கல் லீவில் கூட்டம் இல்லையா என்றால், உண்டு. ஆகவே முடிந்தவர்கள் பொங்கலை வீட்டில் கொண்டாடிவிட்டு, பிறகு வரும் ஒரு சனி, ஞாயிறுடன் இரண்டு நாள் சேர்த்துப் போகலாம். ஒரு விஷயம்: தைப்பூசத்தை ஒட்டிப் பழனி போகும் சாலைகளில் பாதயாத்திரை பக்தர்கள் இரவும் பகலும் நடப்பார்கள். அந்த நாட்களில் பழனி வழியாக வண்டி ஓட்டுகிறவர்கள் மிக மெதுவாக ஓட்ட வேண்டும்.

பனி எப்படி விழுகிறது?

கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி வெப்பம் குறையும். மதுரையில் வியர்க்கும் நேரத்தில் கொடைக்கானலில் நடுங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஜனவரியில் கொடைக்கானலில் பகல் வெப்பம் சராசரியாக 17, 18 டிகிரி. இரவில் 8 டிகிரி அளவுக்கு இறங்கும். இது சராசரிக் கணக்கு. சில இரவுகளில் பள்ளமான இடங்களில் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கிவிடும். அப்போது விழுவதுதான் உறைபனி.

அது எப்படி? பகலில் தரை வெயிலை வாங்கிக்கொள்கிறது. இரவில் அந்தச் சூட்டை வெளியே விடுகிறது. வானத்தில் மேகம் இருந்தால், அது போர்வை போல அந்தச் சூட்டைத் தடுத்து வைக்கும். மேகம் இல்லாவிட்டால் சூடெல்லாம் போய்விடும். தரை ஐஸ் போல் ஆகிவிடும். காற்றும் அடிக்காமல் இருந்தால், குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். விடியற்காலையில் அங்கே உள்ள புல்லெல்லாம் உப்புத் தூவியது போல் வெள்ளையாகத் தெரியும்.

இது தெரிந்தால் இரண்டு லாபம் உண்டு. குளிர் தாங்காதவர்கள் பள்ளத்தில் உள்ள விடுதியை விட்டு, சரிவின் மேலே காலை வெயில் படும் விடுதியில் அறை எடுக்கலாம். உறைபனியைப் பார்க்க விரும்புகிறவர்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே எழுந்து ஏரிக்கரைப் பக்கமோ புல்வெளிப் பள்ளத்துக்கோ போகலாம். எட்டு மணிக்கு எழுந்து "பனி எங்கே?" என்றால், அது கரைந்து போயிருக்கும்.

நமக்கு வேடிக்கை, அவர்களுக்கு வேதனை

வெள்ளைப் புல்லைப் பார்த்து நம் குழந்தைகள் கைதட்டுகிறார்கள். பக்கத்து வயலில் நிற்பவர் கைதட்டவில்லை. அவர் குனிந்து உருளைக்கிழங்குச் செடியின் இலையைப் புரட்டிப் பார்க்கிறார்.

இலைக்குள் உள்ள நீர் உறைந்தால் இலையின் உள்ளமைப்பு உடைந்துவிடும். வெயில் வந்ததும் அந்த இலை வெந்தது போல் கறுத்துச் சுருங்கும். ஒரே இரவில் ஒரு பாத்தி போய்விடலாம். பனி கடுமையாக விழும் மலைத் தோட்டங்களில், வெயில் சுடுவதற்கு முன் தண்ணீர் தெளித்து இலையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அந்தக் குளிரில், அந்த நேரத்தில், அந்தத் தண்ணீரில் கை வைக்க வேண்டும்!

மேல்மலை விவசாயிக்கு வேறு கவலையும் உண்டு. விளைந்ததை விற்க மலையை விட்டு இறங்க வேண்டும். பாதை அடைபட்டால் மூட்டை தேங்கும். காட்டெருமை வயலில் இறங்கினால் ஒரு ராத்திரியில் நாசம்.

இந்த மண்ணின் பெருமை பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் மணமும் நிறைந்தது. நெடுநாள் கெடாமல் இருக்கும். சுற்றுலா போகிறவர்கள் நகரத்துக் கடையில் பொம்மை வாங்குவதைவிட, மேல்மலையில் விளைவித்தவரிடமே இரண்டு கிலோ பூண்டு வாங்கி வரலாம். வீட்டுக்கும் உதவும். அவருக்கும் காசு நேரே போய்ச் சேரும். பேரம் பேசும்போது ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் அறையின் ஒரு நாள் வாடகைக்கு அவர் எத்தனை கிலோ விற்க வேண்டும்?

வழியில் என்ன பார்க்கலாம்?

முதலில் கொடைக்கானல். 1845-ம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமார்கள் இங்கே வீடு கட்டினார்கள். சமவெளியின் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் பயந்து வந்தவர்கள் அவர்கள். 1863-ம் ஆண்டு மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு, ஓடையைத் தடுத்து ஏரி அமைத்தார். நட்சத்திர வடிவ ஏரி என்று இன்று எல்லோரும் படகு விடுவது அதில்தான். சுற்றுப் பாதை சுமார் 5 கிலோ மீட்டர். காலையில் நடந்தே சுற்றலாம். காசு வேண்டாம்.

அடுத்தது சூரிய ஆராய்ச்சிக் கூடம். 1876-ல் தொடங்கிய சென்னை மாகாணத்துப் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய வேண்டும் என்ற யோசனை எழுந்தது. அதன் பலனாகத் தோன்றியது இது. வானம் தெளிவாகத் தெரியும் இடம் என்பதால் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1899-ல் அமைந்தது. 1901-ல் இருந்து சூரியனைப் பார்த்துக் குறித்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் இங்கேதான் கண்டுபிடித்தார் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி. விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டிய இடம்.

அங்கிருந்து பூம்பாறை. வளைவுப் பாதையில் நின்று பார்த்தால், படிப்படியாக இறங்கும் வயல்களுக்கு நடுவில் ஊர் தெரியும். அங்கே குழந்தை வேலப்பர் கோவில் இருக்கிறது. மூலவர் சிலையைப் போகர் சித்தர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது மக்கள் நம்பிக்கை. ராமேசுவரத்துக்குப் பதிலாக இங்கே வந்தால் பாட்டிக்கும் ஒரு தரிசனம் ஆயிற்று!

பிறகு மன்னவனூர். பசும் புல்வெளி. ஏரி. வனத் துறையின் சூழல் சுற்றுலா. பரிசல் சவாரி. 1965-ம் ஆண்டு முதல் மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி மையம் இங்கே இயங்கி வருகிறது. கம்பளிக்காக வளர்க்கும் ஆடுகளும் பெரிய முயல்களும் உண்டு. "நம் ஸ்வெட்டர் இதன் முதுகிலிருந்து வருகிறது" என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

மன்னவனூரோடு பெரும்பாலான வண்டிகள் திரும்பிவிடும். அதற்கு அப்பால் கவுஞ்சி, போளூர். அங்கே கடைவீதி இல்லை. படகு இல்லை. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், மலைச் சரிவில் வயல், ஓடை, காடு, மாலையில் இறங்கும் மூடுபனி, மினுமினுக்கும் நட்சத்திரங்கள். இவைதான். இவை போதும் என்கிறவர்களுக்குத்தான் போளூர். போதாது என்கிறவர்கள் கொடைக்கானலிலேயே தங்குவது நல்லது. அதில் குறை ஒன்றும் இல்லை.

குறிஞ்சிப் பூ பார்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். நீலக் குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூப்பது. 2006-ல் பூத்தது. 2018-ல் பூத்தது. அடுத்த பெரும் பூப்பு 2030-ல். அதுவும் பனிக்காலத்தில் அல்ல. "இப்போதே காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

யார் யார் வருகிறார்கள்?

இதுதான் முக்கியமான கேள்வி. குடும்பத்தில் உள்ள பலசாலியைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பலவீனமானவரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்குச் சுகமான இடம் எல்லோருக்கும் சுகமாக இருக்கும்.

கைக்குழந்தை இருக்கிறதா? மேல்மலை வேண்டாம். இரவில் குழந்தைக்குச் சளி பிடித்தால் டாக்டரைத் தேடி மலைப் பாதையில் கொடைக்கானலுக்கு வர வேண்டும். கீழ்மலைக்குப் போங்கள். அல்லது சமவெளியிலேயே ஊரைத் தேடுங்கள்.

இளைப்பு நோய், இருதய நோய், மூட்டு வலி உள்ள பெரியவர் வருகிறாரா? டாக்டரைக் கேட்காமல் மலை ஏற வேண்டாம். குளிர்ந்த காற்று இளைப்பைக் கிளப்பிவிடும். அவர்களுக்குக் கன்னியாகுமரி, ராமேசுவரம், தஞ்சாவூர் ஆகியவை பொருத்தம். வெயிலுக்குப் பயந்து மற்ற மாதங்களில் நடக்க முடியாத கோவில் பிராகாரத்தில், ஜனவரியில் நடுப்பகலில்கூட நடக்கலாம்.

பள்ளிக்குப் போகும் சிறுவர்கள் இருக்கிறார்களா? சென்னைப் பக்கத்தில் உள்ளவர்கள் வேடந்தாங்கல் போகலாம். நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும். காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். மாமல்லபுரம் சிற்பங்களைப் பார்க்கவும் இதுவே நல்ல காலம். செலவும் குறைவு.

நடக்கும் வயதில் பிள்ளைகள், திடகாத்திரமான பெற்றோர், குளிர் பிடிக்கும் என்கிற மனசு, இவை மூன்றும் சேர்ந்திருக்கிறதா? தாராளமாகப் போளூர் பக்கம் போகலாம்.

செலவுக் கணக்கு

ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள். பயணம், தங்குமிடம், சாப்பாடு, அவசரம். நான்காவது கட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது அதற்கு ஒதுக்குங்கள். பாதை அடைபட்டால் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டி வரலாம். செலவாகாமல் மிஞ்சினால் திரும்பும்போது பூண்டு வாங்கலாம்.

ரயிலில் வருகிறவர்கள் அம்மையநாயக்கனூரில் உள்ள கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்க வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கிருந்து கொடைக்கானல் சுமார் 80 கிலோ மீட்டர். மதுரையிலிருந்து சுமார் 120 கிலோ மீட்டர். பழனியிலிருந்து சுமார் 65 கிலோ மீட்டர். மேல்மலைக் கிராமங்களுக்குக் கொடைக்கானலிலிருந்து பஸ் உண்டு. ஆனால் நினைத்த நேரத்தில் கிடைக்காது. திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் ஏற வேண்டும்.

ஒரு பயணத்தில் ஒரு மலை போதும். ஒரே இடத்தில் இரண்டு அல்லது மூன்று இரவு தங்குங்கள். தினம் ஒரு விடுதி மாறினால் பெட்டி கட்டுவதிலேயே அம்மாவின் லீவு முடிந்துவிடும்.

பெட்டியில் என்ன?

ஒரு தடித்த கம்பளியைவிட இரண்டு மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. இடையில் நிற்கும் காற்று உடற்சூட்டைக் காக்கும். காதை மறைக்கும் குல்லா, காலுறை, மழைச் சட்டை, டார்ச் விளக்கு, தினம் சாப்பிடும் மருந்து ஆகியவை கட்டாயம் வேண்டும். பகல் வெயிலை நம்பி ஸ்வெட்டரை அறையில் விட்டுப் போகாதீர்கள். நாலு மணிக்கு மூடுபனி இறங்கினால் பத்து நிமிடத்தில் பல் கிட்டிவிடும்.

வத்தலகுண்டைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். குமட்டல் வருகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது. இரண்டு இட்டிலி போதும். முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்க வேண்டும். வண்டியில் புத்தகமோ செல்போனோ பார்த்தால் தலை சுற்றும்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கொடைக்கானலுக்கு வரும் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டும் என்ற முறை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் வந்தது. நீங்கள் போகும் நாளில் என்ன விதி என்று அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிருக்கு ஆபத்து!

மலையில் செய்யக் கூடாதவை சில உண்டு.

அடைத்த அறைக்குள் கரி அடுப்பு மூட்டக் கூடாது. குளிருக்கு இதமாக இருக்கும். ஆனால் அந்தப் புகையில் உள்ள நஞ்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். பார்பிக்யூ என்று கரி வைத்துக் கோழி சுட்டாலும் திறந்த வெளியிலேயே வைத்து, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வாருங்கள்.

காட்டெருமையின் பக்கத்தில் போகக் கூடாது. ஊருக்குள்ளேயே அது சாதுவாக நின்று புல் மேயும். செல்பி எடுக்கப் போனால் ஒரே முட்டு. அதன் எடை ஆயிரம் கிலோ வரை போகும். அது போகட்டும் என்று நாம் நிற்க வேண்டும்.

மூடுபனியில் வண்டி ஓட்டக் கூடாது. இருட்டுவதற்கு முன் தங்குமிடத்துக்கு வந்துவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் அருவியில் இறங்கக் கூடாது. பாறை வழுக்கும். மேலே மழை பெய்தால் கீழே தண்ணீர் திடீரென்று ஏறும். அனுமதி பெற்ற விடுதியா என்று கேட்டுத் தெரிந்துகொண்டே அறை எடுக்க வேண்டும். காட்டு ஓரத்தில் கூடாரம் போட்டுத் தருகிறேன் என்கிறவரை நம்பிப் போகக் கூடாது.

விருந்தாளியாகப் போங்கள்

போளூர் நமக்காகக் கட்டிய பொழுதுபோக்கு இடம் அல்ல. அது மக்கள் வாழும் ஊர். நாம் இரண்டு நாள் விருந்தாளிகள்.

படம் எடுக்க ஆசையில் வயலில் இறங்காதீர்கள். காலடியில் இருப்பது ஒருவரின் ஆறு மாதச் சோறு. வேலை செய்கிறவரைப் படம் எடுப்பதற்கு முன் "எடுத்துக்கலாமா ஐயா?" "எடுத்துக்கட்டுமா அம்மா?" என்று கேளுங்கள். ஓடையில் சோப்புப் போட்டுக் குளிக்காதீர்கள். அதே தண்ணீர் கீழே குடிநீராகப் போகும். ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. வீட்டிலிருந்தே தண்ணீர்ப் பாத்திரம் கொண்டு போங்கள். குப்பையை மூட்டை கட்டிக் கீழே எடுத்து வாருங்கள். இரவில் பாட்டுப் போட்டு ஆடாதீர்கள். அந்த ஊரார் விடியுமுன் எழுந்து செடியைப் பார்க்க வேண்டியவர்கள்.

மலை ஊர்க்காரர்கள் பேசப் பழகியவர்கள். டீக்கடையில் உட்கார்ந்து "இந்த வருஷம் விளைச்சல் எப்படிங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அருவிக்கு வழி, பஸ் நேரம், நாளைக்குப் பனி விழுமா என்கிற சேதி எல்லாம் அவர்கள் வாயிலேயே வந்துவிடும்.

ஆகவே, இன்று மாலை குடும்பத்தோடு உட்காருங்கள். "எங்கே?" என்ற கேள்வியைக் கடைசியில் வையுங்கள். எந்த வாரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வானிலைச் செய்தியைக் கவனியுங்கள். யாருக்கு என்ன உடம்பு என்று பாருங்கள். நாலு கட்டத்தில் பணத்தைப் பிரியுங்கள். விடை போளூர் என்று வந்தால் கம்பளியை வெயிலில் காய வையுங்கள். வேடந்தாங்கல் என்று வந்தால் கட்டுச் சோற்றுக்குப் புளியை ஊற வையுங்கள். அம்மாவை மட்டும் அன்றைக்கு அடுப்படிக்கு அனுப்பாதீர்கள். புளியோதரையை அப்பா கிளறட்டும்!